புகைக்கு மேலே என்ன தெரிந்தது

5 மார்ச் 2019, செவ்வாய்

பான்கேக் நாள், தவக்காலத்துக்கு முந்தின நாள். மால்கம்தான் மாவு ஊற்றினான். ஒன்றைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறேன் பேர்வழி என்று அடுப்புக்குப் பின்னால் விட்டான். மற்றதை எலுமிச்சையும் சர்க்கரையும் தூவித் தின்றுகொண்டிருந்தோம். ஃபோனைப் பார்த்தவன் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"கேய், வெஸ்பர் மில் திரும்ப வாசிக்கப் போறாங்களாம்."

"யாரு சொன்னா?"

"போட்டிருக்கான். மே மாசம். நம்ம லீட்ஸ்ல. ஒரே ஒரு தடவை."

எழுந்துபோய் அடுப்பை அணைத்தேன். அது ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது.

அந்த இசைக்குழு கலைந்தபோது எனக்கு இருபது வயது. இப்போது ஐம்பத்து நாலு. பஸ் ஓட்டுகிறேன், முதுகுக்குத் தலையணை வைத்துக்கொள்கிறேன். காலையில் டிப்போவில் சொன்னால் ஒருவருக்கும் அந்தப் பேர்கூடத் தெரியாது.

யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை இங்கே எழுதிவைக்கிறேன். முப்பது கச்சேரிக்கு மேல் போயிருக்கிறேன். அவர்களை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

7 மார்ச், வியாழன்

அது எப்படி என்று கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் உண்மை.

வெஸ்பர் மில் மேடைக்கு வரும் முன்பே புகை வந்துவிடும். கொஞ்சநஞ்சப் புகை இல்லை. பக்கத்தில் நிற்பவன் கையிலிருக்கும் கிளாஸ் தெரியும், அவன் முகம் தெரியாது. அதற்குள்ளிருந்து முதலில் ட்ரம் வரும். அடிக்க ஆள் கிடையாது, ஒரு மின்சாரப் பெட்டி, களைப்பே இல்லாமல் அடிக்கும். பிறகு கிடார். பிறகு பாடகர் அம்ப்ரோஸின் குரல். ஒரு மனிதக் குரல் அவ்வளவு அடியில் போய் நிற்க முடியும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

முதல் தடவை கேட்டபோது எனக்குப் பதினெட்டு. ஒரு பாருக்குக் கீழே இருந்த நிலவறை, சுவரெல்லாம் வியர்த்து ஒழுகியது. பயந்துபோனேன். பயம்தான், வேறு என்ன சொல்ல? சர்ச்சில் மண்டியிட்டபோதெல்லாம் வந்திருக்க வேண்டிய பயம், அங்கே வந்தது. வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றேன். அடுத்த வாரமே லாரி பிடித்து ஹல் நகரத்துக்குப் போய் மறுபடி கேட்டேன்.

புகையில் ஒன்றும் தெரியாது என்பதால் நாங்கள் ஆள்மேல் ஆள் ஏறினோம். கறுப்பு உடையும் வெள்ளைப் பவுடருமாகத் திரிந்த எங்கள் கோத் கூட்டத்தின் வழக்கமே அது. ஒரு மண்டபத்தில் ஏழெட்டுக் கோபுரம் எழும்பும். எங்கள் கோபுரத்துக்கு அடி, நானும் மால்கமும். எதிரெதிரே நின்று தோளைக் கோத்துக்கொள்வோம். எங்கள் தோள்களில் ஆளுக்கொரு காலாக வைத்து லொரெய்ன் நிற்பாள். அவள் தோளின் மேல் ஏட்ரியன். அவனுக்குக் குருவி என்று பேர். எடையே இல்லாதவன்; முடியை சோப்புப் போட்டு நிறுத்திக் கூடு மாதிரி வைத்திருப்பான்.

புகைக்கு மேலே தலை நீட்டியவன் அவன் மட்டும்தான். "என்ன தெரியுது? என்ன தெரியுது?" என்று கீழேயிருந்து கத்துவோம். அவன் சொல்லச் சொல்ல, லொரெய்ன் குனிந்து எங்களுக்குச் சொல்வாள்.

நான் பார்த்தது மால்கமின் மூக்கு. மூன்று வருடம் மால்கமின் மூக்கு. அப்புறம் அதையே கல்யாணமும் செய்துகொண்டேன்.

9 மார்ச், சனி

நாலு டிக்கெட்டும் கிடைத்துவிட்டது. மத்தியானம் பாரில் நாலு பேரும் கூடினோம். லொரெய்ன் இன்னும் சலூன் வைத்திருக்கிறாள், இன்னும் முடிக்குக் கறுப்பு அடிக்கிறாள். குருவி வரிக்கணக்கு பார்க்கும் அலுவலகத்தில் இருக்கிறான். தொப்பை, தங்க ஃப்ரேம் கண்ணாடி, ரத்த அழுத்த மாத்திரை. பழைய நாள் மாதிரி பியரும் ஆப்பிள் சைடரும் கலந்து கறுந்திராட்சைச் சாறு ஊற்றிக் கேட்டோம். பாரில் இருந்த பெண் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றினாள்.

குருவி ஆரம்பித்தான். ப்ராட்ஃபர்ட் ராத்திரி. அம்ப்ரோஸின் சிவப்பு வெல்வெட் கோட்டு, கையில் ஒற்றை மெழுகுவர்த்தி, கடைசிப் பாட்டில் அதை ஊதி அணைத்துவிட்டு எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கியது. எத்தனை தடவை கேட்டிருப்பேன். இன்றும் மயிர்க்கூச்செறிந்தது.

கதை முடிந்ததும் சொல்லிவிட்டேன். "இந்தத் தடவை மேல ஏறப்போறது நான்."

லொரெய்ன் மூக்கில் பியர் ஏறிவிட்டது. "ஏண்டி, உன்னைத் தூக்க கிரேன் வரணும்டி."

"வரட்டும்."

"என் முதுகு போச்சு. மால்கமுக்கு முட்டி போச்சு. குருவியைப் பாரு, குருவியா இருக்கான்? கோழியாயிட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். குருவி சிரிக்கவில்லை. "எதுக்கு கேய்? மேலருந்து அப்படி ஒண்ணும் பெரிசா இல்ல," என்றான்.

ஒண்ணும் பெரிசா இல்லையா? அவன்தானே முப்பத்து நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை. என் கண்ணால்.

23 மார்ச், சனி

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

ஊர் அருங்காட்சியகத்தில் வெஸ்பர் மில்லின் பழைய ரசிகர்களின் நினைவுகளைப் பதிவு செய்கிறார்கள். ஒலிவாங்கி, தேநீர், பிஸ்கட், வட்டமாக நாற்காலி. நாங்கள் நாலு பேரும் போனோம். வந்திருந்த முகங்களில் பாதி எனக்குத் தெரிந்தவை, பழைய பவுடரைக் கழுவிவிட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

எவ்வளவு நன்றாக ஆரம்பித்தது. ஒருத்தி மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் போய் ஸ்ப்ரே அடித்த தலை பற்றிக்கொண்டதையும், பக்கத்திலிருந்தவன் தன் பியரை ஊற்றி அணைத்ததையும், அவள் அடுத்த பாட்டுக்கு ஆடப் போனதையும் சொன்னாள். மீன் லாரியில் ஏறிப் போன ஒருவர், அன்றைக்குத் தன்னைச் சுற்றி மட்டும் தாராளமாக இடம் இருந்தது என்றார். ஷெஃபீல்டில் ட்ரம் பெட்டி நின்றுபோன ராத்திரியைப் பற்றி இன்னொருத்தர் சொன்னார். பாட்டு பாதியில் பெட்டி செத்துவிட்டது. அம்ப்ரோஸ் நிறுத்தவில்லை. ஒரு மூலையில் யாரோ தாளத்துக்குக் காலால் மிதிக்க ஆரம்பித்தார்கள், ஒரு பாட்டு முழுக்க மண்டபமே மிதித்தது. நானும் மிதித்திருக்கிறேன். தோளில் இரண்டு பேர் நிற்கிறார்கள், ஒரு காலை மட்டும் தூக்கித் தூக்கி வைத்தேன். தரை எழும்பி எழும்பி என் பல்லில் அடித்தது. அதைச் சொல்லக் கேட்டபோது அந்த அறையில் ஒருத்தர்கூட பிஸ்கட் கடிக்கவில்லை.

என் முறை வந்தது. "நீங்க பாத்ததுல மறக்கவே முடியாதது எது?" என்று பதிவு செய்துகொண்டிருந்த அம்மா கேட்டாள்.

பார்த்ததே இல்லை என்று இந்த நோட்டில் எழுதியவள்தான் நான். ஆனால் வாய் தானாகச் சொன்னது. ப்ராட்ஃபர்ட். சிவப்பு வெல்வெட் கோட்டு. மெழுகுவர்த்தி. கையைத் தூக்கினார். சொல்லும்போது கண்ணில் அப்படியே இருந்தது, பித்தான்கூடத் தெரிந்தது. சத்தியமாகத் தெரிந்தது.

கீத்லியிலிருந்து வந்திருந்த நார்மன் என்பவர் மெதுவாகக் கையைத் தூக்கினார். "மன்னிக்கணும். அன்னைக்கு நான் அவங்க சாமான் தூக்கிக் குடுக்கப் போயிருந்தேன். மேடை ஓரத்துல நின்னு ஃபோட்டோ எடுத்தேன்."

ஃபோட்டோ கைமாறி வந்தது. பின்னால் தேதியும் ப்ராட்ஃபர்ட் என்றும் எழுதியிருந்தது. அம்ப்ரோஸ் கறுப்புக் கம்பளி ஸ்வெட்டர் போட்டிருந்தார், முழங்கையில் ஓட்டை. மெழுகுவர்த்தி எதுவும் இல்லை. மேடை முழுக்கப் புகை.

நான் குருவியைப் பார்த்தேன். அவன் காலுக்கடியில் இருந்த தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வண்டி நிறுத்தும் இடத்தில் லொரெய்ன்தான் கேட்டாள். "டேய் குருவி. நீ எப்ப கண்ணாடி போட ஆரம்பிச்ச?"

"ஏழு வயசுல."



"உங்களோட இருக்கும்போது போட்டதில்ல," என்றான். "மூஞ்சி பூரா வெள்ளைப் பவுடர், கண்ணுக்கு மை, தலையில கூடு. அதுக்கு மேல அரசாங்கம் குடுத்த சோடாபுட்டியைப் போட்டுக்கிட்டு வரச் சொல்றீங்களா? எவன் சேத்திருப்பான் என்னை?"

"அப்ப மேல நின்னு என்னதான்டா பாத்த?" நான் கேட்டது எனக்கே கத்தல் மாதிரி இருந்தது.

"வெளிச்சம். கலர் கலரா வெளிச்சம்." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "என்ன தெரியுது, என்ன தெரியுதுன்னு கேட்டீங்க. என்னைத் தாங்கிக்கிட்டு நிக்கிறீங்க, தோள் வலி எனக்குத் தெரியாதா? ஒண்ணும் தெரியலன்னு எப்படிச் சொல்ல?"

நான் அவனைப் பார்த்துச் சொன்னது: "எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்டா." அப்புறம் காரில் ஏறிக் கதவைச் சாத்திவிட்டேன்.

24 மார்ச், ஞாயிறு

பித்தான் எல்லாம் தெரிந்ததே. யார் வைத்த பித்தான் அது?

2 ஏப்ரல், செவ்வாய்

குருவி இரண்டு தடவை கூப்பிட்டான். எடுக்கவில்லை.

கர்க்ஸ்டால் சாலையில் ஓட்டிக்கொண்டிருந்தபோது ஒன்று ஒன்றாக எடுத்துப் பார்த்தேன். மான்செஸ்டரில் அம்ப்ரோஸ் கறுப்பு ரோஜாவைக் கூட்டத்தில் எறிந்தார் – குருவி சொன்னது. நியூகாசிலில் அழுதார் – குருவி சொன்னது. யார்க்கில் மண்டியிட்டார் – குருவி. எனக்குச் சொந்தமாக என்ன மிஞ்சுகிறது? தோளில் லொரெய்னின் குதிகால். முடி ஸ்ப்ரேயும் பச்சௌலி எண்ணெயும் வியர்வையும் கலந்த வாசனை. அந்தக் குரல். மால்கமின் மூக்கு.

ஒரு நிறுத்தத்தில் நிற்காமல் வந்துவிட்டேன். ஒரு பெரியவர் திட்டினார். திட்டட்டும்.

21 ஏப்ரல், ஈஸ்டர்

ஆட்டுக்கறியும் புதினாச் சட்னியும். மால்கம் பேச்சைத் தொடங்கினான்.

"எனக்கு அந்தச் சிவப்புக் கோட்டு பிடிக்கும். நான் வச்சுக்கிறேன்."

"அது பொய், மால்கம்."

"நல்லா இருந்துச்சுல்ல?"

"நீயும் பாத்ததில்ல. உனக்குக் கோவமே வரலையா?"

யோசித்தான். மால்கம் யோசித்தால் நேரம் ஆகும். "நான் அதுக்குப் போகல கேய். நீ பாக்கப் போன. நான் கேக்கப் போனேன்." பிறகு, "நீயும் இருந்த," என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்கை என் தட்டில் வைத்தான்.

அவனுக்குப் போதும். எனக்குப் போதாது. இதில் என்ன தப்பு? ஒரு மனுஷி இத்தனை தூரம் லாரியிலும் பஸ்ஸிலும் போய், பஸ் நிலையத்து பெஞ்சில் தூங்கி, சிப்ஸும் குழம்பும் தின்று உயிர் வளர்த்து, கடைசிவரை அடியில் நின்றே வீட்டுக்கு வந்தாள் என்றால், ஒரு தடவை ஏறிப் பார்க்க ஆசைப்படுவது பேராசையா?

11 மே, சனி

கூடத்தில் ஒத்திகை. சோபாவில் ஏறி நின்று மால்கமின் தோளில் ஒரு காலை வைத்தேன். மால்கம் "ம்" என்றான். அந்த "ம்" எனக்குப் பிடிக்கவில்லை. இன்னொரு காலையும் எடுத்தேன், அவன் முட்டி மடங்கியது, இரண்டு பேரும் தொலைக்காட்சிக்கு முன்னால் கிடந்தோம். பக்கத்து வீட்டு அம்மா ஜன்னல் வழியாகக் கை காட்டினாள். நானும் படுத்தபடியே காட்டினேன்.

முட்டியில் ஐஸ் வைத்துக்கொண்டு, "வேற யாராவது வேணும்," என்றான்.

வேறு யார்? எங்களுக்கு இருந்ததே நாலு பேர்.

குருவியின் டிக்கெட்டை லொரெய்னிடம் கொடுத்துவிட்டேன். கொடுத்தால் கொடு, கிழித்தால் கிழி, எனக்கு ஒன்றுமில்லை என்றேன். அவள் பையில் போட்டுக்கொண்டாள்.

18 மே, சனி, காலை

நேற்று.

மெதுவாக எழுதுகிறேன். ஒன்றும் விடக் கூடாது.

வரிசை மண்டபத்தைச் சுற்றித் தெருமுனைவரை நின்றது. எல்லாம் கறுப்பு. பித்தான் பூட்ட முடியாத கோட்டுகள், கூர்மூக்கு பூட்ஸுக்குள் வீங்கிய கால்கள், வெள்ளிப் பூண் போட்ட கைத்தடிகள் – அந்தக் காலத்தில் அலங்காரத்துக்கு வைத்திருந்தோம், இப்போது ஊன்றிக்கொள்ள. ஜெர்மனியிலிருந்து ஒரு பஸ்ஸே வந்திருந்தது. வாசலில் அறிவிப்பு: தோளில் ஏறினால் வெளியேற்றப்படுவீர்கள்.

காவலுக்கு நின்ற பெண் என் பையைப் பார்த்துவிட்டு, "அம்மா, உக்காந்து பாக்கணும்னா மாடியில சீட் இருக்கு," என்றாள். நல்ல மனசுதான். எனக்கு அழுகை வந்தது.

விளக்கு அணைந்தது. புகை வந்தது. இந்தக் காலத்து விதிமுறைக்கெல்லாம் எவ்வளவு விடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன். அளவே இல்லாமல் விட்டார்கள். மேடை மறைந்தது, முன்வரிசை மறைந்தது. பெட்டி அடிக்க ஆரம்பித்தது. பிறகு அவர் பாடினார்.

குரல் இன்னும் கீழே போயிருந்தது. வயதானால் தேய்ந்துபோகும் என்று நினைத்திருந்தேன். தேயவில்லை, ஆழமாகியிருந்தது. பதினெட்டு வயதில் வந்த அதே பயம் அப்படியே, குறையாமல், முதுகுத்தண்டில் ஏறியது. என்னைச் சுற்றிப் பேரன் பேத்தி எடுத்தவர்கள் எல்லாம் வாயைத் திறந்தபடி நின்றார்கள். ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார், வேடிக்கைக்கு இல்லை.

மூன்று பாட்டு போனது. எனக்கு மால்கமின் மூக்குதான் தெரிந்தது. அங்கங்கே கோபுரங்கள் எழும்பத் தொடங்கிவிட்டன என்று ஆரவாரத்திலேயே தெரிந்தது. லொரெய்னைக் காணோம். மால்கம் குனிந்து, "ஏறு கேய், முட்டி போனா போகுது," என்றான். முடியாது என்றேன். அவன் நடக்க வேண்டும், எனக்கு அவன் வேண்டும். இவ்வளவுதான் போல என்று நினைத்தேன்.

அப்போது லொரெய்ன் புகைக்குள்ளிருந்து வந்தாள். ஒரு சட்டைக்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். சட்டைக்குள் குருவி. மூஞ்சியில் வெள்ளைப் பவுடர், கண்ணில் மை, மிச்சமிருந்த முடியை சோப்புப் போட்டு நிறுத்தியிருந்தான். அதற்கு நடுவில் தங்க ஃப்ரேம் கண்ணாடி, புகையில் ஆவி படிந்து வெள்ளையாக.

"கேய்," என்றான். "இன்னைக்கு நான் அடி."

அவன் குனிந்து நின்றுவிட்டான். அவன் குனிந்ததைப் பார்த்ததும் பக்கத்தில் நின்ற ஒரு மலை மாதிரி ஜெர்மன்காரர், யார் எவர் என்று கேட்கவில்லை, கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவன் தோளைக் கோத்துக்கொண்டு தானும் குனிந்தார். எங்கள் கூட்டத்தில் கேட்கும் வழக்கம் கிடையாது. மால்கம் என்னைப் பின்னாலிருந்து தள்ளினான். எங்கே கைவைத்துத் தள்ளினான் என்று எழுத வேண்டாம். லொரெய்ன் என் பூட்ஸைப் பிடித்து ஒவ்வொன்றாகத் தோளில் வைத்தாள். ஒரு கால் ஜெர்மன்காரர் மேல், ஒரு கால் குருவி மேல். அந்தப் பெரிய மண்டபத்தில் புகை தாழ்ந்தே நின்றதால் ஓர் அடுக்கே போதும்.

அவர்கள் நிமிர்ந்தார்கள்.

நான் புகைக்கு மேலே வந்தேன்.

எப்படி எழுதுவது? கீழே இருக்கும்வரை புகை என்றால் சாம்பல், இருமல், கண் எரிச்சல். மேலேயிருந்து அது வெள்ளையாக, மட்டமாக, மண்டபம் முழுக்க விளிம்புவரை நிரம்பி நின்றது. உள்ளேயிருந்து நீல வெளிச்சம் வந்தது. அதன்மேல் அங்கங்கே மனிதர்கள், இடுப்புக்கு மேல் மட்டும், கையை விரித்து மெதுவாகச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். ஏழெட்டுப் பேர். கீழே இரண்டாயிரம் பேர் இருக்கிறார்கள் என்றால் நம்ப முடியாது. தூரத்தில் ஒரு நரைத்த பெண் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இதை வைத்துக்கொண்டா ஒண்ணும் பெரிசா இல்லை என்றான்?

பிறகு மேடையைப் பார்த்தேன். அம்ப்ரோஸ். கறுப்புச் சட்டை, வழுக்கைத் தலை, கறுப்புக் கண்ணாடி. சிவப்பும் இல்லை, வெல்வெட்டும் இல்லை. மைக் கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், ஓடும் பஸ்ஸில் வயதானவர்கள் கம்பியைப் பிடிப்பார்களே, அப்படி. விடவே இல்லை. அந்தச் சின்ன உடம்பிலிருந்துதான் அவ்வளவும் வந்துகொண்டிருந்தது. ஒரு அலங்காரமும் இல்லாமல் வந்துகொண்டிருந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"என்ன தெரியுது?" என்று மால்கம் கத்தினான்.

"பேசாத. பாத்துக்கிட்டிருக்கேன்."

பாட்டு முடிந்தது. அம்ப்ரோஸ் மேடையில் பேசவே மாட்டார், ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை. அது ஊருக்கே தெரியும். முகத்தை என் பக்கம் திருப்பினார். மைக்கில் இருமினார்.

"அந்தப் பக்கத்துக் கோபுரத்துல எப்பவும் நிக்கிறது நீ இல்லையே," என்றார். எங்கள் ஊர்ப் பேச்சுத்தான், பக்கத்துப் பட்ஸி ஊர்க் கறிக்கடைக்காரர் மகன் மாதிரியே. "தலையில கூடு கட்டிக்கிட்டு ஒரு பொடியன் நிப்பான். புகைக்கு மேல பாத்ததுல எனக்கு ஞாபகம் இருக்கிற மூஞ்சி அவனோடது மட்டும்தான். இருக்கானா, போயிட்டானா?"

மண்டபமே அமைதியானது. என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"கீழ நிக்கிறான். அவன் தோள்லதான் நிக்கிறேன்."

அம்ப்ரோஸ் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார், இரண்டு கையும் கம்பத்தில்.

"அப்ப சரி," என்றார். பெட்டி மறுபடி அடிக்க ஆரம்பித்தது.

என் இடது காலுக்குக் கீழே குருவியின் தோள் குலுங்கியது. விழுந்துவிடுவேன் என்று நினைத்தேன். அவன் விடவில்லை. என் கெண்டைக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அந்தப் பாட்டு முடியும்வரை குலுங்கிக்கொண்டே என்னைத் தாங்கினான்.

காவல்காரப் பெண் டார்ச்சோடு வந்தாளாம். யார் மேல் யார் நிற்கிறார்கள் என்று புகையில் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பிப் போய்விட்டாளாம். லொரெய்ன் சொன்னாள்.

20 மே, திங்கள்

தொடையெல்லாம் கன்றிப்போயிருக்கிறது. க்ளட்ச் மிதிக்க வேண்டாத பஸ்ஸாக இருப்பது புண்ணியம். நாள் முழுக்கப் பயணிகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன், ஒரு பையன் பயந்து பின்னால் போய் உட்கார்ந்துவிட்டான்.

26 மே, ஞாயிறு

குருவியைச் சாப்பிட வரச் சொன்னேன். மாட்டிறைச்சி, யார்க்‌ஷைர் புட்டிங், கேரட். ஒரு புட்டிங் எழும்பவில்லை, அதை மால்கமுக்கு வைத்தேன். குருவி பூ வாங்கி வந்திருந்தான். காகிதத்தைப் பிரிக்காமலே கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

பழசை இரண்டு பேரும் எடுக்கவில்லை. சாப்பாடு முடியும் நேரத்தில் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"கேய். என்னைப் பத்திக் கேட்டப்ப அவர் எப்படி இருந்தார்? எனக்கு உன் பூட்ஸ்தான் தெரிஞ்சது."

சொன்னேன். புகை எப்படி நிரம்பி நின்றது, அந்த நரைத்த பெண், கறுப்புச் சட்டை, வழுக்கை, கறுப்புக் கண்ணாடி. ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கேட்கும்போதே கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டான். கண் சுருங்கி, எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். பதினேழு வயதில் அவன் முகம் இப்படித்தான் இருந்திருக்கும். எங்கள் தலைக்கு மேலே இருந்ததால் நான் பார்த்ததில்லை.

"அப்புறம்?" என்றான்.

"அப்ப சரின்னு சொன்னார்."

"அது கேட்டுச்சு. அப்புறம்?"

மால்கம் குழம்புக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தான். நான் குருவியைப் பார்த்தேன்.

"உன்னைப் பாத்துக் கையைத் தூக்கினார்," என்றேன்.



"எந்தக் கை?"

"இடது கை."